குடல் மறைத்த புரதம்

காலின் முன்னெலும்பின் மேல் பெருவிரலை வைத்துச் சிறிது நேரம் அழுத்தி எடுத்தால், நலமுள்ளவரின் தோல் உடனே பழைய நிலையை அடைகிறது. உடலில் நீர் தேங்கி வீங்கியவரிடத்திலோ அழுத்திய இடத்தில் ஒரு குழி விழுந்து, அது மெல்ல மெல்லவே நிரம்புகிறது. இந்த எளிய சோதனை எல்லா நாட்டு வைத்தியர்களும் நெடுங்காலமாக அறிந்த ஒன்று. ஆனால், அவ்வீக்கத்துக்குரிய காரணங்களுள் ஒன்று மட்டும் 1950ஆம் ஆண்டுகளின் கடைசிப் பகுதி வரையில் மருத்துவ உலகின் கைக்கு அகப்படாமலே இருந்தது. அதற்குரிய சான்று கிடந்த இடமோ, மனிதன் நாள்தோறும் அருவருத்து ஒதுக்கிவிடும் மலம். அந்தச் சான்றை வெளியே கொண்டுவந்த பரிசோதனை எவ்வாறு உருவாயிற்று என்பதே இப்பேச்சின் பொருள்.

குருதியிலுள்ள நீர் குழாய்களை விட்டு ஏன் வெளியே ஒழுகிப் போவதில்லை என்ற வினாவுக்கு 1896ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஏர்னெஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடற்றொழிலியல் அறிஞர் விடை கூறினார். மயிர்த்துளைக் குழாய்களின் சுவர் நீரையும் உப்பையும் கடக்க விடும். புரதத்தை எளிதிற் கடக்க விடாது. அவ்வாறு உள்ளே தங்கிய புரதம் நீரைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும். இப்பணியிற் பெரும்பங்கு கொள்வது அல்புமின் என்னும் புரதமாகும். முட்டையின் வெண்கருவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நலமுள்ளவரின் குருதித் தெளிவில் 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 4 கிறாம் அல்புமின் இருக்கும். ஈரல் நாளொன்றுக்கு 12 கிறாம் அளவில் அதனைப் புதிதாகச் செய்து குருதியிற் சேர்க்கிறது. பழையது ஏறத்தாழ அதே அளவுக்கு அழிகிறது. இன்று குருதியிற் சேர்ந்த அல்புமினிற் பாதி அழிவதற்கு 19 நாள்கள் வரை செல்லும். இந்த வரவு செலவுக் கணக்கிலே செலவு மிகுந்து, அல்புமின் 2 கிறாமை நெருங்கிக் குறையுமாயின், நீர் குழாய்களை விட்டுத் தசையிடுக்குகளிற் சென்று தங்குகிறது. கால் வீங்கும், வயிறு பருக்கும், காலையில் எழும்போது கண்ணிமைகள் தடித்திருக்கும்.

அல்புமின் குறைந்த நோயாளி ஒருவர் வந்தால், அக்கால வைத்தியர் மூன்று வினாக்களைக் கேட்டார். போதிய உணவு இல்லையா? ஈரல் பழுதுற்று, புரதம் செய்யும் ஆற்றலை இழந்துவிட்டதா? அல்லது, சிறுநீரகத்தின் வழியாகப் புரதம் ஒழுகிப் போகிறதா? இவற்றுள் மூன்றாவதே முதலில் உறுதி பெற்றது. 1764ஆம் ஆண்டில் இத்தாலியில் தொமேனிக்கோ கொத்தூனியோ என்பவர், உடல் வீங்கிய ஒருவரின் சிறுநீரைச் சூடாக்கியபோது அது முட்டை வெண்கருவைப்போல உறைந்ததை எழுதி வைத்தார். 1827இல் இலண்டனில் றிச்சட் பிறைற் என்ற பெருவைத்தியர், வீக்கம், உறையும் சிறுநீர், பழுதுற்ற சிறுநீரகம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்திக் காட்டினார். ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவர்த்தியும் இருந்தால் நோயாளியின் படுக்கையருகிலேயே இச்சோதனையைச் செய்து முடித்துவிடலாம். சிறுநீர் வெண்மையாயின் சிறுநீரகம் குற்றவாளி.

குடலுக்கு அத்தகைய கரண்டியும் மெழுகுவர்த்தியும் இல்லை. அதன் காரணத்தைச் சிறிது விரித்துக் கூறவேண்டும்; ஏனெனில், பின்னர் நிகழ்ந்த யாவும் இதனை அடிப்படையாகக் கொண்டவையே. சிறுநீரகம் கசியவிட்ட புரதம் உருமாறாமலே சிறுநீரில் வந்து சேர்கிறது. குடல் கசியவிட்ட புரதம் அவ்வாறு வருவதில்லை. குருதியிலிருந்து ஒழுகிய அல்புமினாயினும், உண்ட மீனாயினும் பருப்பாயினும், சமிபாட்டு நீர்களுக்கு வேறுபாடு கிடையாது. இரைப்பையிலுள்ள பெப்சினும் குடலிலுள்ள திரிப்சினும் அதனைத் துண்டு துண்டாக்கி அமினோ அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. அவை மறுபடி உறிஞ்சப்பட்டு ஈரலைச் சென்றடைகின்றன. ஆகவே மலத்தை ஆராய்ந்தவர்களுக்கு அங்கே அல்புமின் கிடைக்கவில்லை. நைதரசனின் அளவும் பெரிதாக மிகுந்திருக்கவில்லை. திருடுபோன நகையைத் திருடனே உருக்கி, அந்தப் பொன்னை மீண்டும் வீட்டுக்காரரிடம் கொடுத்தது போன்ற நிலை. பொன் திரும்பி வந்ததாயின் நட்டம் எங்கே என்று கேட்கலாம். அமினோ அமிலம் திரும்பி வந்தாலும், அதனைக் கொண்டு ஈரல் செய்யக்கூடிய அல்புமினுக்கு ஓர் எல்லை உண்டு. வழக்கமான அளவின் இரு மடங்குக்கு மேல் அது செல்வதரிது. கசிவு அந்த எல்லையைத் தாண்டும்போது, எவ்வளவு நல்லுணவு கொடுத்தாலும் வீக்கம் வற்றுவதில்லை.

இந்த நோயாளர்கள் எத்துணை இடர்ப்பட்டிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். சிறுநீரிற் புரதம் இல்லை. ஈரலிற் பழுதில்லை. உணவும் குறைவில்லை. அவர்களுட் பலர் சிறுவர்கள். நன்றாக உண்பதாகத் தாய் கூறும் சொல்லை வைத்தியர் ஐயுறுவதும், அன்னையின் பராமரிப்பின் மேலே பழி விழுவதும் இயல்பாகவே நிகழக்கூடியவை. காரணம் தெரியாத இந்நிலைக்கு மருத்துவ நூல்கள், "காரணமறியாப் புரதக்குறைவு" என்று பொருள்படும் ஒரு கிரேக்கப் பெயரைச் சூட்டியிருந்தன. அறியாமைக்குக் கிரேக்க மொழியிற் பெயரிட்டுவிட்டால் அது அறிவைப்போலத் தோற்றமளிக்கும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் வேறு உதாரணங்களும் உண்டு.

புதிரின் முதல் முடிச்சு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் அவிழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் எட்வின் கோன் என்பவர், மனிதக் குருதியிலிருந்து அல்புமினைத் தனியே பிரித்தெடுக்கும் முறையை வகுத்திருந்தார். போர்க்களத்திற் குருதி இழந்தவர்களுக்காகச் செய்யப்பட்ட அந்தப் பொருள், போர் முடிந்தபின் ஆராய்ச்சியாளரின் கையிலும் கிடைத்தது. புல்லர் ஆல்பிறைட்டும் அவருடைய துணைவர்களும், காரணமறியாப் புரதக்குறைவு கொண்ட நோயாளி ஒருவருக்கு அதனை நாளத்தின் வழியாகச் செலுத்தி, அது எவ்வளவு காலம் தங்குகிறது என்று அளந்தனர். 1949ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு வியப்புக்குரியது. ஈரல் புரதத்தைச் செய்யவில்லை என்ற எண்ணம் பிழை. செலுத்திய அல்புமின் விரைந்து மறைந்து போயிற்று. குறை வரவிலன்று, செலவிலே இருந்தது. ஆனால் மறைந்த புரதம் எங்கே போயிற்று? உடலின் உள்ளேயே அது மிகையாக அழிக்கப்படுகிறது என்று கருதினர். குடலை எவரும் உறுதியாகச் சந்தேகிக்கவில்லை.

இரைப்பைதான் முதலில் அகப்பட்டது. பாரிஸ் நகரின் பியேர் மெனெத்ரியே என்ற வைத்தியர் 1888இல் ஒரு விந்தையான நோயை விவரித்திருந்தார். அந்நோயில் இரைப்பையின் உட்சவ்வு தடித்து, மூளையின் மடிப்புகளைப்போலப் பெரும் மடிப்புகளாக மாறியிருக்கும். அந்நோயாளருட் பலருக்கு அல்புமினும் குறைந்திருந்தது. 1957ஆம் ஆண்டில் சிற்றின், ஸ்டெர்லிங், ஹால்ஸ்ரெட் ஆகிய மூவர், கதிர்வீசும் அயடீன்-131 சேர்த்த அல்புமினை அத்தகைய நோயாளி ஒருவரின் நாளத்திற் செலுத்தினர். பின்னர் இரைப்பையிலிருந்து நீரைக் குழாய்மூலம் எடுத்துச் சோதித்தனர். அடையாளமிட்ட அல்புமின் அங்கே இருந்தது. சமிபாடு அதனை அழிக்குமுன்னரே எடுத்துவிட்டதனாற் பெற்ற வெற்றி அது.

இதே முறையைக் குடலுக்கும் மலத்துக்கும் ஏன் கையாளக் கூடாது? அயடீன் அதற்கு இணங்கவில்லை. அல்புமின் சமித்தவுடன் அயடீன் பிரிந்து குடலால் உறிஞ்சப்படுகிறது. பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடுகிறது. அதுமட்டுமன்று, குருதியிலுள்ள தனி அயடீனை உமிழ்நீர்ச் சுரப்பியும் இரைப்பையும் தாமாகவே சுரக்கின்றன. ஆகவே கசிந்த அயடீன் மலத்தில் வராது; கசியாத அயடீன் சமிபாட்டுப் பாதையில் வந்து நிற்கும். சாட்சி பொய் சொல்வதைக் காட்டிலும், பாதி மெய்யும் பாதி பொய்யும் சொல்வது விசாரணைக்குப் பெருந்தடை.

வேண்டியது, சமிக்காத ஒரு சாட்சி. அமெரிக்காவின் பெதெஸ்டா நகரிலுள்ள தேசிய சுகாதார நிலையங்களிற் பணிபுரிந்த றொபேட் கோர்டன் அதனைப் புரதங்களுக்கு வெளியே தேடினார். பொலிவைனில்பிறோலிடோன் என்னும் செயற்கைப் பொருளொன்று ஜேர்மனியில் 1930ஆம் ஆண்டுகளின் முடிவில் உருவாக்கப்பட்டு, போர்க்காலத்திற் குருதித் தெளிவுக்கு மாற்றாகப் பயன்பட்டது. அதன் மூலக்கூறு பருமனிலே புரதத்தை ஒத்தது, ஆனால் புரதமன்று. ஆகையால் எந்தச் சமிபாட்டு நீரும் அதனைத் தீண்டாது. குடலும் அதனை உறிஞ்சாது. கோர்டன் அதிலே கதிர்வீசும் அயடீனைப் பிணைத்து நாளத்திற் செலுத்தினார். பின்னர் நான்கைந்து நாள்களின் மலத்தைச் சேர்த்து, அதிலிருந்து வரும் கதிர்களை எண்ணினார். நலமுள்ளவரின் மலத்தில், செலுத்திய அளவில் நூற்றுக்கு 1.5 வீதத்துக்கு மேல் வரவில்லை. காரணமறியாப் புரதக்குறைவு கொண்டவர்களிடத்தில் அதனைப் பன்மடங்கு மிஞ்சிய அளவு வந்தது. 1959ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவ இதழான லான்செற்றில் இம்முடிவு வெளியாயிற்று. காரணமறியாதது என்ற பெயர் அன்றே பொருளிழந்தது. புரதம் உள்ளே அழியவில்லை; குடலின் வழியே ஒழுகிக்கொண்டிருந்தது.

கோர்டனின் பொருளுக்குக் குறைகள் இல்லாமலில்லை. அதன் மூலக்கூறுகள் ஒரே பருமனுடையன அல்ல. அது உடலில் நெடுங்காலம் தங்கியும் விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது புரதமன்று. கசிவு உண்டு என்று சொல்லுமேயன்றி, நாளொன்றுக்கு எத்தனை கிறாம் அல்புமின் போயிற்று என்று சொல்லாது. இக்குறையைத் தீர்த்தவர் அதே நிறுவனத்தைச் சேர்ந்த, அப்போது முப்பது வயதளவிலிருந்த தோமஸ் வோல்ட்மன். குரோமியம்-51 என்ற கதிர்வீசும் உலோகத்தைச் சிவப்பணுக்களிலும் குருதிப் புரதங்களிலும் பிணைக்கலாம் என்று கிறேயும் ஸ்டெர்லிங்கும் 1950இலேயே காட்டியிருந்தனர். முன்னர் இரைப்பை நீரைச் சோதித்த மூவருள் ஒருவராகக் கண்ட அதே ஸ்டெர்லிங் இவர். வோல்ட்மன் அக்குரோமியத்தை அல்புமினோடு பிணைத்தார். அல்புமின் குடலிற் சமித்துப் போனாலும், பிரிந்த குரோமியம் உறிஞ்சப்படுவதில்லை. உமிழ்நீரிலோ இரைப்பை நீரிலோ அது சுரப்பதுமில்லை. நகை உருகினாலும் அதிற் பதித்த கல் உருகாது கிடந்தாற்போல, அது மலத்தோடு வெளியே வந்து சேர்ந்தது. நலமுள்ளவரிடத்தில் நான்கு நாள் மலத்தில் நூற்றுக்கு ஒரு வீதத்துக்கும் குறைவான குரோமியமே வரும். 1961ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முறை, அதன்பின் பல ஆண்டுகளுக்கு ஏனைய சோதனைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக நிலைத்தது.

அளவுகோல் கிடைத்தவுடன், வெவ்வேறு நோய்கள் ஒரே வாயிலில் வந்து கூடுவது தெரியலாயிற்று. வோல்ட்மனும் அவர் துணைவரும் 1961இல், காரணமறியாப் புரதக்குறைவு எனப்பட்டோருட் பலரின் குடற்சுவரிலே நிணநீர்க் குழாய்கள் விரிந்து பருத்திருப்பதைக் கண்டனர். அக்குழாய்கள் குடலினுள்ளே திறந்து, கொழுப்பும் புரதமும் வெள்ளணுக்களும் நிறைந்த நிணநீரைச் சிந்தின. அதே ஆண்டில், இருதய நோயினால் நாளங்களில் அழுத்தம் மிகுந்தவர்களிடத்திலும் குடல் புரதத்தை இழப்பது காட்டப்பட்டது. அவர்களுக்குப் பழுது குடலிலன்று. இருதயம் திருந்தினால் குடலும் திருந்தும். 1967இல், பால் முதலிய உணவுகள் ஒவ்வாத சில குழந்தைகளிடத்தில் அந்த ஒவ்வாமையே புரத இழப்புக்குக் காரணமாயிருப்பது தெரிந்தது. அக்குழந்தையின் நோய்க்கு மருந்து, ஒவ்வாத உணவை நிறுத்துவது.

சோதனையால் யாருக்கு என்ன பயன் என்ற வினாவுக்கு நிணநீர்க் குழாய் நோயே தெளிவான விடை. நாம் உண்ணும் கொழுப்பிற் பெரும்பகுதி குடலிலிருந்து நிணநீர்க் குழாய்களின் வழியாகவே உடலைச் சேர்கிறது. கொழுப்பு மிகுந்த உணவை உண்டால் அக்குழாய்களில் நீரோட்டம் பெருகும்; ஏற்கெனவே பருத்திருந்த குழாய்கள் மேலும் சிந்தும். உடல் மெலிந்து வீங்கிய பிள்ளைக்குப் பாலாடையும் வெண்ணெயும் ஊட்டிய அன்பு, நோயையே ஊட்டியதாகும். 1964ஆம் ஆண்டில் இருவேறு குழுவினர், கொழுப்பை நீக்கிய உணவினால் இந்நோயாளரின் புரத இழப்புக் குறைவதைக் காட்டினர். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எனப்படும் ஒருவகைக் கொழுப்பு மட்டும் நிணநீரை நாடாமல் நேரே ஈரலுக்குச் செல்லும் குருதியிற் சேர்கிறது. ஆகவே அதனை இவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அக்கொழுப்பு தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது என்பது நம் நாட்டு நேயர்களுக்கு உவப்பான செய்தியாக இருக்கலாம். ஆயினும் சமையலறைத் தேங்காயெண்ணெயில் வேறு கொழுப்புகளும் கலந்திருப்பதால், அது இதற்கு மாற்றாகாது.

இவ்வளவு நன்மை விளைத்த குரோமியச் சோதனை, செய்வோருக்கும் செய்யப்படுவோருக்கும் பெருந்தொல்லை. நான்கு நாள் மலம் முழுவதையும் ஒரு துளியும் தவறாது சேர்க்க வேண்டும். குரோமியத்தின் ஒரு பகுதி சிறுநீரிலும் வெளியேறுவதால், மலத்திற் சிறுநீர் சிறிதும் கலக்கலாகாது. வளர்ந்தவர்களிடமே இது எளிதன்று. வயிற்றோட்டத்தில் இருக்கும் கைக்குழந்தையிடம் அதனை எதிர்பார்ப்பது வீண். கதிர்வீசும் பொருளைக் குழந்தையின் உடலிற் செலுத்துவதற்கு மனமும் ஒப்பாது. கதிர்களை எண்ணும் கருவி பெரிய வைத்தியசாலைகளில் மட்டுமே இருந்தது. ஆகவே மிகுதியாகப் புரதம் இழக்கும் நாடுகளின் பிள்ளைகளுக்கு, இச்சோதனை மிகக் குறைவாகவே எட்டியது.

வெளியிலிருந்து ஒரு சாட்சியைச் செலுத்தாமல், குருதியிலேயே சமிக்காத ஒரு புரதம் இருக்கலாகாதா? இருந்தது. ஈரல் செய்யும் அல்பா-1 அன்டித்திரிப்சின் என்ற புரதம் அது. 1963ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் மால்மோ நகரில் லோரெல், எரிக்சன் என்ற இருவர், குருதிப் புரதங்களை மின்னோட்டத்தால் வரிசை வரிசையாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிலரது வரிசையில் அந்த ஒரு பட்டை மட்டும் இல்லாதிருப்பதைக் கண்டனர். அப்புரதம் இல்லாதவர்களுக்கு நுரையீரல் எளிதிற் பழுதுறும் என்பதே அன்று பெரிதாகப் பேசப்பட்ட செய்தி. மலத்தோடு அதற்குத் தொடர்பு இருக்குமென்று எவரும் எண்ணியிரார். ஆனால் பெயரே பொருளைக் காட்டுகிறது: திரிப்சினைத் தடுப்பது அதன் தொழில். திரிப்சினைத் தடுக்கும் புரதத்தைத் திரிப்சின் எளிதில் உண்ண முடியாது. அதன் பருமனும் அல்புமினிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. அல்புமின் கசியும் துளையினூடே அதுவும் கசியும். அல்புமின் சமித்துப் போகும். அது பெரும்பாலும் பழுதின்றி மலத்தோடு வந்துவிடும்.

இவ்வுண்மையைப் பயன்படுத்திய எளிய சோதனையை 1977ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டவர்கள் நியூசீலாந்தைச் சேர்ந்த குறொஸ்லி, எலியட் என்ற இருவர். ஊசியில்லை; கதிரில்லை. சிறிதளவு மலத்தை எடுத்து, அதிலுள்ள அந்த ஒரு புரதத்தை மட்டும் இனங்கண்டு பற்றக்கூடிய பிறபொருளெதிரியின் உதவியால் அளந்தாற் போதும். குறொஸ்லியும் எலியட்டும் ஈராண்டுகளுக்குப் பின், காகிதத்தில் உலர்ந்த ஒரு துளிக் குருதியிலே திரிப்சினை அளந்து, பிறந்த குழந்தைகளின் ஒரு பரம்பரை நோயைக் கண்டறியும் முறையையும் வெளியிட்டனர். எளிய பொருளிலே பெரிய விடையைத் தேடும் கை அவர்களுடையது.

பிரான்ஸ் நாட்டில் பெர்னியேயும் புளொரனும் அவருடைய துணைவரும் 1978ஆம் ஆண்டிலும் 1981ஆம் ஆண்டிலும் இதற்கு ஒரு கணக்கைச் சேர்த்தனர். மலத்தில் உள்ள அளவை மட்டும் பார்த்தால் ஏமாறக்கூடும்; ஒருவரின் குருதியிலேயே அப்புரதம் மிகுந்தோ குறைந்தோ இருக்கலாம். ஆகையால், ஒரு நாள் முழுவதும் சேர்த்த மலத்தின் அளவை, அதிலுள்ள புரதச் செறிவாற் பெருக்கி, குருதியிலுள்ள செறிவால் வகுக்க வேண்டும். வரும் விடை மில்லிலீற்றரில் அமையும். அதாவது, அந்நாளில் எத்தனை மில்லிலீற்றர் குருதித் தெளிவு குடலில் ஒழுகிற்று என்பதை அது கூறும். இன்றைய ஆய்வுகூடங்கள் பலவற்றில் நாளொன்றுக்கு 27 மில்லிலீற்றர் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. வயிற்றோட்டம் உள்ளவருக்கு 56 மில்லிலீற்றர் வரையில் பொறுத்துக்கொள்ளலாம். ஓட்டமே சிறிது கூடுதலாக அடித்துக்கொண்டு வரும்.

இச்சாட்சிக்கும் பலவீனங்கள் உண்டு. திரிப்சினை எதிர்த்து நிற்கும் இப்புரதம், இரைப்பையின் கடும் அமிலத்துக்குத் தோற்றுப் போகிறது. ஆகவே புரதம் இரைப்பையில் ஒழுகும் மெனெத்ரியேயின் நோய், முதலில் வெளிப்பட்ட அதே நோய், இச்சோதனைக்குத் தப்பிவிடக்கூடும். அமிலச் சுரப்பை மருந்தினால் அடக்கிவிட்டுச் சோதித்தால் அதுவும் அகப்படும். குடலிற் குருதி கசிந்தாலும் விடை பிறழும். பிறந்த குழந்தையின் முதல் மலத்தில் அப்புரதம் இயல்பாகவே மிகுந்திருக்கும். ஒரு நாள் மலத்தைச் சேர்க்க இயலாத இடத்தில் ஒரு துண்டு மலத்தையே சோதிப்பதுண்டு. விடை அத்துணை நுட்பமாயிராது. கசிவு குடலின் எப்பகுதியில் என்பதையும் மலம் கூறாது; அதற்கு வேறு படங்களும் கருவிகளும் வேண்டும்.

கதிர்களிலிருந்து விடுபட்ட இந்தச் சோதனைதான், முன்னர் எட்டாத பிள்ளைகளை எட்டியது. கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவிற் பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர், 1933ஆம் ஆண்டில் வீங்கிய குழந்தைகளின் நோயொன்றை விவரித்து, பின்னர் 1935இல் அந்நாட்டு மக்கள் வழங்கிய குவாஷியோர்க்கர் என்ற பெயராலேயே அதனை மருத்துவ உலகுக்கு அறிமுகஞ் செய்தார். உணவிற் புரதம் போதாமையே அதன் காரணம் என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. ஆனால் அக்குழந்தைகளுட் பலர் வீங்குமுன் சின்னமுத்தினாலோ வயிற்றோட்டத்தினாலோ வாடியவர்கள். 1975இல் நைஜீரியாவின் சாரியா நகரில் டொசெற்றர், விற்றில் என்போர், சின்னமுத்துக் கண்ட குழந்தைகளின் குடல் புரதத்தை இழப்பதைக் காட்டினர். பின்னர் வங்காளதேசத்தின் டாக்கா நகரில், வயிற்றோட்ட ஆராய்ச்சிக்கென அமைந்த அனைத்துலக நிலையத்தார், அல்பா-1 அன்டித்திரிப்சினை மலத்தில் அளந்தனர். சின்னமுத்தின் பின்வரும் ஓட்டத்தில் புரத இழப்பு நீடித்திருப்பதை 1986இலும், குருதியும் சளியுமாகப் போகும் சிகெல்லாக் கழிச்சலில் இழப்பு மிகுந்திருப்பதை 1993இலும் அவர்கள் வெளியிட்டனர். வறிய வீட்டுக் குழந்தை உண்ட சிறிதளவு புரதத்தையும் நோய் கொண்டு போயிற்று. வீங்கிய குழந்தைக்கு உணவு கொடுத்தாற் போதும் என்றிருந்த எண்ணத்தோடு, சின்னமுத்துக்குத் தடுப்பூசி போடுவதும் கழிச்சலை உரிய மருந்தினால் விரைந்து நிறுத்துவதும் ஊட்டச்சத்துப் பணியே என்ற எண்ணமும் சேர்ந்தது.

செல்வ நாடுகளில் இச்சோதனைக்கு வேறொரு தேவை எழுந்தது. பிரான்ஸின் போர்டோ நகரைச் சேர்ந்த பிரான்சுவா பொந்தான், 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் அறுவைச் சிகிச்சையினால், இருதயத்தின் ஓர் அறை வளராது பிறந்த குழந்தைகள் உயிர் வாழ வழி பிறந்தது. நாளக் குருதியை இருதயத்தின் வலப்பக்க விசையின்றி நேரே நுரையீரலுக்குத் திருப்பிவிடும் அச்சிகிச்சையில் நாளங்களின் அழுத்தம் உயர்ந்தே இருக்கும். ஆண்டுகள் பல சென்றபின் அவர்களுள் ஒரு பகுதியினரின் குடல் புரதத்தை இழக்கத் தொடங்குகிறது. 1961இல் இருதய நோயாளரிடம் கண்டதன் மறுபதிப்பு அது. காப்பாற்றப்பட்ட பிள்ளை வாலிபனாகி, கால் வீங்கி வரும்போது, வைத்தியர் கேட்பவற்றுள் ஒன்று மலம் நிறைந்த ஒரு சிறு குப்பி.

2017ஆம் ஆண்டில், பெதெஸ்டாவின் அதே தேசிய சுகாதார நிலையங்களும் துருக்கி நாட்டு வைத்தியர்களும் சேர்ந்து, குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் ஒரு கொடிய புரத இழப்பின் வேரைக் கண்டனர். தன் உடற்கலங்களைத் தன் உடலின் தாக்குதலிலிருந்து காக்கும் சீ.டி. 55 என்னும் புரதத்தின் மரபணு, இக்குழந்தைகளுக்குத் தாய் தந்தை இருவர் வழியிலும் பழுதாகி வந்திருந்தது. நெருங்கிய உறவில் மணம் புரிந்த குடும்பங்களிலே அது மிகுதியாகக் காணப்பட்டது. குடலின் நிணநீர்க் குழாய்கள் விரிந்தன, புரதம் ஒழுகியது, நாளங்களிற் குருதி உறைந்தது. அந்தத் தாக்குதலை அடக்கும் பொசெலிமாப் என்ற மருந்து 10 நோயாளரிடம் சோதிக்கப்பட்டு, அனைவரின் அல்புமினும் இயல்பான அளவை அடைந்தது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு அனுமதி வழங்கியது.